கடைசியாக வருகிறவளுக்கு இன்னொரு சுற்று

டெய்லர் அக்கா இன்றைக்கும் கடைசி.

சுண்ணாம்புக் கோட்டுக்கு நாலடி இருக்கும்போது நின்றாள். குனிந்தாள். ஷூ லேசை அவிழ்த்துச் சாவகாசமாகக் கட்டினாள். கூடவே மூச்சு வாங்க வந்துகொண்டிருந்த பாப்பா அம்மா, அவளைத் தாண்டிப்போய்க் கோட்டை மிதித்தாள்.

"லேஸ் கட்டுறதுக்கே உங்களுக்குத் தனியா கிளாஸ் வைக்கணும் போலிருக்கேக்கா," என்றாள் மருந்துக்கடைக்காரி.

எல்லோரும் சிரித்தார்கள். டெய்லர் அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

"சிரிச்சது போதும். எடையைப் பார்த்துட்டு உன் சுற்றுக்குக் கிளம்பு," என்று விசிலை ஊதினாள் டீச்சர்.

அது பள்ளிக்கூட மைதானம். ரிட்டயர் ஆன விளையாட்டு டீச்சர், எடை குறைக்க வரும் பெண்களை அங்கே விடியற்காலையில் ஓட வைப்பாள். அவளிடம் ஒரே ஒரு சட்டம்தான். கடைசியாக வருகிறவள் இன்னொரு சுற்று ஓடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். காலைப் பிடித்தாலும் விடமாட்டாள்.

அந்த இன்னொரு சுற்று மட்டும் தனக்கு வந்துவிடக் கூடாது என்று பாப்பா அம்மா வேண்டிக்கொள்வாள். ஓடப் பயந்து அல்ல. அவள் போய்க் குழந்தையைக் கையில் வாங்கினால்தான் கணவன் ஃபாக்டரி பஸ்ஸைப் பிடிக்க முடியும்.

"ஒரே ஒரு நாள் பஸ்ஸை விட்டேன்னு வை, அன்னைக்கோட இந்த ஓட்டத்துக்கு ஒரு கும்பிடு," என்று அவன் முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தார். "பிரசவத்தப்போ வந்த சர்க்கரை இன்னும் போகல. எடையைக் குறைக்கலேன்னா கஷ்டம்மா."

கஷ்டம் என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இதே சர்க்கரையில்தான் அவளுடைய அம்மாவுக்கு முதலில் கண் போனது, அப்புறம் கால் போனது. மகள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரைகூட அம்மா இருக்கவில்லை. பாப்பா தூங்கும்போது அந்த முகத்தைப் பார்த்தால் அதுதான் ஞாபகத்துக்கு வரும். அப்புறம் எங்கே தூக்கம்?

இருட்டு பிரியும் முன்பே எழுந்து வருவாள். கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரியும். காலிரண்டும் யாரிடமோ இரவல் வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல், தனக்குப் பின்னால் வர டெய்லர் அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்பதுதான்.

அந்த ஆறுதலே போகப் போக எரிச்சலாகிவிட்டது. டெய்லர் அக்கா வாயை மூடிக்கொண்டு வரமாட்டாள்.

"பாப்பா ராத்திரி தூங்குச்சா?"

"எங்கே தூங்குச்சு, அக்கா."

"தோளை ஏன் இப்படித் தூக்கிக்கிறே, தளர விடு. மொத்த மைதானத்தையும் பார்க்காதே, மலைப்பா இருக்கும். அந்தத் தண்ணித் தொட்டிவரைக்கும் போவோம். அதுக்கப்புறம் அதுக்கப்புறம்."

தானே கடைசி, இதில் அடுத்தவளுக்குப் பாடம் வேறு என்று நினைத்துக்கொள்வாள் பாப்பா அம்மா.

இன்றைக்கு எடை பார்க்கும் நாள். மருந்துக்கடைக்காரிக்குக் குறைந்திருந்தது. மெஷினை விட்டு இறங்கவே அவளுக்கு மனசு வரவில்லை. அடுத்து பாப்பா அம்மா ஏறினாள்.

"அசையவே இல்லையேம்மா," என்றாள் டீச்சர். "சாப்பாட்டுல கட்டுப்பாடா இருக்கியா?"

"அவிச்ச காய்தான் டீச்சர். அதையும் பாதியிலே வெச்சுட்டு எழுந்துடுறேன், பாப்பா அழும்."

"வந்துக்கிட்டே இரு. குறையும்."

டெய்லர் அக்கா கடைசியாக மெஷினில் ஏறி இறங்கி, தன் இன்னொரு சுற்றுக்குப் போனாள். மற்றவர்கள் கலைந்து போய்விட்டார்கள். பாப்பா அம்மா அப்படியே படியில் உட்கார்ந்தாள். இன்றைக்குக் கணவனுக்கு விடுமுறை. ஓட்டம் முடிந்ததும் அவள் மைதானத்தில் தங்குவது இதுதான் முதல் தடவை. எடை குறையாத ஆற்றாமை அவளை விடவில்லை. அதை யார் தலையிலாவது இறக்கி வைத்தால் தேவலை என்றிருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளு."

"டெய்லர் அக்காவை வேற பேட்சுக்கு மாத்திடுங்களேன்."

டீச்சர் எடை மெஷினைத் துணியால் துடைத்துக்கொண்டே, "ஏன், என்ன பண்ணினா உன்னை?" என்றாள்.

"ஒட்டிக்கிட்டே வர்றாங்க. அவங்களோட ஆமை நடை எனக்கும் வந்துடுச்சு. அந்த உடம்பை வெச்சுக்கிட்டு, குறைக்கணும்னு கொஞ்சமாவது அக்கறை இருக்கா சொல்லுங்க? அவங்களுக்குப் பொழுது போகணும், பேச ஆள் வேணும். எனக்கு அப்படியா டீச்சர்? கைக்குழந்தையை வெச்சிருக்கேன். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா..."



டீச்சர் துடைப்பதை நிறுத்தினாள். 

"கோட்டைத் தொட்ட அடுத்த நிமிஷம் வீட்டுக்குப் பறந்துடுவே. அவ ஓடுற இன்னொரு சுற்றை நீ பார்த்ததே இல்லை, இல்லே?"

"இல்ல டீச்சர்."

"திரும்பிப் பாரு."

மைதானத்தின் அந்தக் கோடியில் டெய்லர் அக்கா தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன. தலை ஆடவில்லை. அத்தனை பெரிய உடம்பு, அவளுடைய தையல் மெஷின் ஊசி போல ஒரே சீராகப் பறந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளைவைத் தாண்டிவிட்டாள். பேச்சில்லை, இளைப்பில்லை.

பாப்பா அம்மா படியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"போன பேட்ச் முழுக்க தினமும் முதல்ல வந்தவ அவதான்," என்றாள் டீச்சர். "இந்த பேட்ச் ஆரம்பிச்ச அன்னைக்கு, 'ஒரு நாளும் லேட்டாக மாட்டேன், போக மட்டும் விடுங்க'ன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட போன்ல நீ கெஞ்சினப்போ, அவ பக்கத்துலதான் நின்னா. அன்னைக்கிலேருந்துதான் அவ கடைசி."