சைக்கிள் போகாத வரப்பு

"ஏ வேம்பு, ஒங்கப்பாவப் பிடிடி. மம்பட்டியத் தூக்கிக்கிட்டு வயலுக்கு ஓடுறாரு" என்று வாசலிலிருந்து கத்தினாள் ராசம்மாள்.

வேம்பு சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். "வயலுக்குப் போறவரு மம்பட்டி இல்லாம போவாராம்மா?"

"காத்தான் வரப்ப வெட்டுறானாம். வெட்டுக்குத்துல போயி முடியப்போவுதுடி."

எண்ணெய்க் கையோடு ஓடினாள் வேம்பு. வெட்டினால் வெட்டட்டும் என்று விட்டுவிட முடியாது. அவளுடைய புது வேலையே அந்த வரப்பை நம்பித்தான் இருந்தது.

தஞ்சாவூர் கூட்டுறவு பாங்கில் டைப்பிஸ்ட் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். ஆர்டர் வந்ததிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ரயிலில் ஜன்னலோரம் உட்காருவதுபோலத் தூக்கத்தில்கூடச் சாய்ந்து சாய்ந்து படுத்தாள்.

"கூப்புடு தூரத்துல பால்வாடி வேல இருக்கு. அத விட்டுட்டு தெனம் ரயிலுக்கு ஓடணுமா?" என்று அம்மா கேட்டாள்.

"ஓடத்தானேம்மா காலு இருக்கு."

கால் இருந்தால் போதுமா? பூதலூரில் காலை வண்டியைப் பிடித்தால்தான் பாங்கு திறக்கும்போது தஞ்சாவூரில் இருக்கலாம். அடுத்த வண்டியில் போனால் மேனேஜர் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போதுதான் வணக்கம் சொல்ல முடியும். ரோட்டு வழி மதகைச் சுற்றிக்கொண்டு போகிறது. வரப்பு வழியாகச் சைக்கிளை விட்டால் வண்டியைப் பிடித்துவிடலாம்.

ஆனால் வரப்பு எங்கே இருக்கிறது?

ஒரு காலத்தில் அதில் ஏர்மாடுகள் ஜோடியாக நடந்தன. உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையின் நிலம் பிரிந்தபோது, வரப்புக்கு இந்தப் பக்கம் வேம்புவின் அப்பா கண்ணுசாமிக்கும் அந்தப் பக்கம் காத்தானுக்கும் கிடைத்தது. இருவரும் அந்த நிலத்துக்காக ஒரே கொடியைப் பிடித்தவர்கள், ஜெயிலில் ஒரே பாயில் படுத்தவர்கள். நிலம் கைக்கு வந்த பிறகு வந்தது வினை. ஒவ்வொரு நடவுக்கும் அண்டை வெட்டுகிறேன் என்று வரப்போரப் புல்லைச் செதுக்கும்போது, புல்லோடு ஒரு கை மண்ணும் அவரவர் வயலுக்குள் விழுந்தது. வரப்பு ஏன் இப்படி இளைத்தது என்று யாராவது கேட்டால் இருவருமே எலியையும் நண்டையும் கைகாட்டினார்கள். இப்போது அதில் கொக்குகூட ஒற்றைக்காலில்தான் நிற்க வேண்டும். சைக்கிளை ஓட்டவும் முடியாது, கூட நடந்து தள்ளவும் இடமில்லை.

நேற்று வேம்பு ஓட்டித்தான் பார்த்தாள். பாதி தூரம் வரப்பில் போனாள். மீதி தூரம் காத்தானின் நாற்றங்காலுக்குள் போனாள்.

சேறும் சகதியுமாக எழுந்தபோது எதிரே காத்தான் நின்றுகொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் நசுங்கிய நாற்றைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார். விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டார்.

அந்தக் கோபத்தைத்தான் இன்று மம்பட்டியில் காட்டுகிறாரா? வேம்பு இன்னும் வேகமாக ஓடினாள்.

வயலில் முழங்கால் சேற்றில் நின்று, வரப்போரம் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார் காத்தான். வரப்பின் இந்த முனையிலிருந்தே கண்ணுசாமி ஆரம்பித்துவிட்டார்.

"நிறுத்துடா காத்தான். எம் மவ பாங்கு வேலைக்குப் போறது பொறுக்கலியா ஒனக்கு?"

காத்தான் குனிந்தபடியே அடுத்த வெட்டு வெட்டினார்.

"பண்ணையாருகூட இந்த வரப்புல கை வச்சதில்லையேடா. மண்ணத் திருடித் திருடி என்னடா சேத்துட்ட? நா என்னிக்காவது ஒரு பிடி மண்ணு எடுத்திருப்பனா?"

வேம்பு தலையைக் குனிந்துகொண்டாள். அண்டை வெட்டும் நாளில் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனவள் அவள்தானே.

கண்ணுசாமி மம்பட்டியை ஓங்கிக்கொண்டு முன்னால் போனார். வேம்பு ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"வேணாம்ப்பா. ஒங்க ரெண்டு பேர் மண்டையும் ஒடைஞ்சுதான் நா பாங்குக்குப் போவணும்னா, எனக்கு அந்த வேலையே வேணாம். பால்வாடியிலயே இருந்துக்கிறேன்."

சொல்லும்போதே ஜன்னலோரம், டைப்ரைட்டர், மாதச் சம்பளம் எல்லாம் கண்ணெதிரே சேற்றில் விழுந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் காத்தான் நிமிர்ந்தார்.

"வேலய ஏன் புள்ள விடுற? நீ எங்க நிக்கிறேன்னு மொதல்ல பாரு."

வேம்பு கீழே பார்த்தாள். அப்பாவுக்குக் குறுக்கே இரண்டு காலையும் அகட்டி வைத்து நின்றிருந்தாள். இரண்டு காலும் வரப்பின் மேலேயே இருந்தன. காத்தானின் பக்கம் ஈர மண் புதிதாக அணைத்துத் தட்டப்பட்டிருந்தது. ஓரத்து நாற்றைப் பிடுங்கிவிட்டு, தன் வயல் மண்ணை வெட்டி வெட்டி வரப்பின் மேல் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார் மனுஷர்.

"சித்தப்பா..." என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கண்ணுசாமி ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"அண்ணன் சொன்னது நெசந்தான். மண்ணத் திருடினேன்" என்றார் காத்தான், நெற்றி வேர்வையை வழித்துக்கொண்டே. "வருசா வருசம் திருடினத இன்னிக்கித் திருப்பி வச்சிட்டேன். ஆனா, எம் பக்கம் மட்டும் வச்சா சைக்கிளு போவாது."

வரப்பைத் தாண்டிக் கண்ணுசாமியின் வயலை ஒரு தரம் பார்த்தார்.

"மம்பட்டியத்தான் கையோட கொண்டாந்திருக்கீங்களே அண்ணே, ஒங்க பக்கம் எறங்குங்க."