மொட்டைக் கடிதம்

கல்வி அலுவலகத்து அம்மா மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்ததும் கிழவர் எழுந்து போய்க் கதவோரம் நின்றுகொண்டார்.

முப்பது வருஷம் குடோனில் ராத்திரிக் காவல் இருந்த உடம்பு. யார் வந்தாலும் அது கதவோரம்தான் போய் நிற்கும்.

மகன் லிப்ட் பழுது பார்க்கிறவன். மருமகள் லேபில் ரத்தம் எடுக்கிறவள். இன்றைக்கு இரண்டு பேரும் லீவு போட்டிருந்தார்கள். வருகிற அதிகாரிக்குத் திருப்தி இல்லையென்றால் திங்கட்கிழமையே பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாக வேண்டும் என்று நோட்டீஸ் சொன்னது.

பிள்ளைக்கு ஏழு வயது. எந்தப் பள்ளிக்கூடத்து வாசலையும் மிதித்ததில்லை. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பேர்.

பாடம் கிடையாது, மணி கிடையாது, பரீட்சை கிடையாது; எதில் ஆசை வருகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளை தானாகக் கற்றுக்கொள்ளும் என்று மகன் விளக்கிக்கொண்டிருந்தான். மருமகள் தலையாட்டினாள்.

கிழவர் இந்தப் பேச்சை இரண்டு வருஷமாகக் கேட்கிறார். தானாக, தானாக என்று சொல்லிவிட்டு, காலை எட்டு மணிக்கு இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்தத் தானாக யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

இவர்தான்.

வேலையை விட்ட பிறகும் அவருக்கு ராத்திரியில் தூக்கம் கிடையாது. பகலில்தான் கண் சொக்கும். சொக்குகிற நேரம் பார்த்து வாயாடி வந்து இமையைத் தூக்கிப் பார்ப்பாள். பிரிட்ஜ் ஏன் முனகுது? தொட்டியில் தண்ணி தீர்ந்தால் குழாய்க்கு எப்படித் தெரியும்? நகத்தை வெட்டினால் ஏன் வலிக்கவில்லை?

எனக்கென்ன தெரியும், நான் மூணாங்கிளாஸ் என்பார். விடமாட்டாள். அவருடைய கைத்தடியால் வீட்டை அளந்தாள். இஸ்திரிப் பெட்டியைக் கழற்றினாள். திரும்ப மாட்டியபோது இரண்டு ஸ்க்ரூ மிச்சம். பெட்டி என்னவோ முன்னைவிட நன்றாகச் சூடானது. அது வேறு பயம்.

இதெல்லாம் ஒரு படிப்பா? நாளைக்கு இவளும் தன்னைப் போல எவன் வீட்டுக் கேட்டிலாவது போய் நிற்கப் போகிறாள் என்று கிழவருக்கு நெஞ்சுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அரிப்பும் தூக்கமின்மையும் சேர்ந்தால் மனுஷன் என்னதான் செய்வான்.

அதிகாரியம்மா கோப்பைத் திறந்தார். இந்த வீட்டைப் பற்றி ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது என்றார்.

கீழ்வீட்டு டெய்லர்தான், வேறு யார் என்று மருமகள் பல்லைக் கடித்தாள். போன மாதம் துணி காயப்போட்ட சண்டைக்கு இப்போது பழி வாங்குகிறான் என்றாள்.

டெய்லருக்கு இதில் ஒன்றுமே தெரியாது என்பது கிழவருக்குத் தெரியும். தரையைப் பார்த்தார்.

மேஜைக்கு அடியில் இருந்த வாயாடியை அதிகாரியம்மா கூப்பிட்டு, பிடித்ததை எழுது என்று காகிதம் கொடுத்தார். இஸ்திரிப் பெட்டியின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று அவள் நாலு வரி எழுதினாள். வரிக்கு வரி, கடைசியில் புள்ளிக்குப் பதிலாக ஒரு குட்டி வட்டம்.

அந்த அம்மா அதைப் பார்த்தார். பிறகு கோப்புக்குள்ளேயே, மற்றவர்கள் கண்ணில் படாமல், மொட்டைக் கடிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

காவல்காரன் கண். கதவோரத்திலிருந்தே தெரிந்தது. அதிலும் வரிக்கு வரி வட்டம்.



கிழவர் வேறு யாரிடம் போய் அதை எழுதச் சொல்வார்? டெய்லரிடம் சொன்னால் தெருவே சிரிக்கும். இவருக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத்து வராது. பகலில் வீட்டில் இருந்த இன்னொரு கை அவளுடையதுதான். ஏழு வயதுப் பிள்ளை ஒன்றும் கற்காமல் வீணாகப் போகிறது, உடனே வந்து பாருங்கள் என்று இவர் சொல்லச் சொல்ல, காலை ஆட்டிக்கொண்டே எழுதி முடித்தாள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அவள் கேள்வி கேட்காத ஒரே நாள் அது.

தூக்கக் கலக்கத்தில் இவருக்கு அன்றைக்கு எதுவுமே உறைக்கவில்லை.

அதிகாரியம்மா எழுந்தார். படி செங்குத்தாக இருக்கிறது, பெரியவர் கொஞ்சம் கூட வரட்டும் என்றார்.

முதல் திருப்பத்தில் நின்று கடிதத்தை விரித்தார்.

"கடைசி வரி நீங்க சொன்னதா இருக்காது, பெரியவரே" என்று சொல்லிவிட்டு மெதுவாகப் படித்தார்.

‘தாத்தாவுக்குப் பகலில்தான் தூக்கம் வரும். அவர் தூங்குகிற நேரத்துக்கு மட்டும் என்றால் நான் பள்ளிக்கூடம் வரச் சம்மதம்.’

கிழவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த அம்மா பேனாவைத் திறந்தார். பிள்ளை படிக்கிறாள் என்று புகார் கொடுத்தவரே ஒரு வார்த்தை சொன்னால் கோப்பை இங்கேயே மூடிவிடலாம், இல்லையென்றால் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றார். அவர் கண்ணிலும் தூக்கம் இருந்தது.

இவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். திங்கட்கிழமையிலிருந்து தினமும் சாயங்காலம் வரை யாரும் இமையைத் தூக்கமாட்டார்கள்.

"பிள்ளைக்கு எழுதத் தெரியும்னு எழுதுங்கம்மா" என்றார் கிழவர்.

திரும்பிப் படியேறினார். ஒவ்வொரு படியும் ஒரு மாடி போல இருந்தது.

மேலே, பாதி திறந்த கதவில் வாயாடி நின்றுகொண்டிருந்தாள், வெட்டிய நகம் ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு.