வேகத்துக்கு ஒரு சொல்

வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. ஜெர்மன் படிக்கும் ஆறு நர்சுகளில் கவிநிலா மட்டும் வகுப்பின் முன்னால் நிற்கிறாள். ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் கோடு கோடாகக் கிடக்கிறது. கீழே வேலூர் பஸ் விடாமல் ஹாரன் அடிக்கிறது. இரண்டு முறை பரீட்சையில் கோட்டை விட்டவள். திங்கட்கிழமை மூன்றாவது முறை. இதுவும் போனால் ஜெர்மனி வேலையும் போய்விடும். நாளுக்கு நாற்பது வார்த்தை என்று எழுதியே மூன்று நோட்டைத் தீர்த்திருக்கிறாள். வேகம் என்பதற்கான சொல்லைக் காலையில்கூடப் பத்து தடவை எழுதினாள். இப்போது டீச்சர் கேட்கும்போது அது நினைவுக்கு வர மறுக்கிறது. டீச்சர் மெஹ்விஷ் அவள் நோட்டை வாங்கி மேஜையில் கவிழ்க்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்து, வளையலை மேலே ஏற்றிவிட்டு, மணிக்கட்டை நீட்டுகிறாள். "நான்தான் பேஷண்ட். நாடி எப்பிடி இருக்குனு பாத்து சொல்லு." கவிநிலாவின் மூன்று விரல்கள் தாமாகவே நாடியில் போய் உட்காருகின்றன. கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போகிறது. ஆஸ்பத்திரியில் ஆறு வருஷமாகச் செய்கிற வேலை. முகத்தில் இருந்த பரீட்சைப் பயத்தைக் காணோம். அரை நிமிஷம் ஆகிறது. "ஷ்னெல்," என்கிறாள். வேகம். பின்வரிசையில் கைதட்டுகிறார்கள். கவிநிலா சிரிக்கவில்லை, விரலையும் எடுக்கவில்லை. மறுபடி கடிகாரத்தைப் பார்க்கிறாள். "மிஸ், நெஜமாவே ஜாஸ்தியா அடிக்குதுங்க. உடம்புக்கு என்னா பண்ணுது?" மெஹ்விஷ் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "அதையும் ஜெர்மன்ல கேளு," என்கிறாள்.