உருக வைக்கிற கட்டுரை

இந்தக் காலத்தில் பிள்ளைகள் மார்க் வாங்கினால் மட்டும் போதாதாம். பட்ட கஷ்டத்தைக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தால்தான் காலேஜில் இடமாம். முணுமுணுத்துக்கொண்டே மூன்று மாடி ஏறி, டியூஷன் சென்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார் பெரியவர்.

“கடைசி பெஞ்சுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்தேன்.”

“அவளா! அவளுக்கு இடம் கிடைச்ச மாதிரிதான். கட்டுரையைக் கேளுங்க,” என்று டீச்சர் பெருமையாகப் படித்தாள்: “கையெழுத்துப் போடத் தெரியாத தாத்தா மூட்டை தூக்கி என்னைப் படிக்க வைத்தார். பரீட்சைக்கு முந்தின நாள் இறந்துபோனார். அழுதுகொண்டேதான் எழுதினேன்.”

“செத்துட்டாரா?”

டீச்சர் குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். “அவ வெறும் காய்ச்சல்னுதான் எழுதியிருந்தா. நான்தான் சாகடிச்சேன். அப்பத்தானே உருகுவாங்க? அனுப்பியாச்சு. பொய்னு தெரிஞ்சா சீட்டு போயிடும். ஆமா, நீங்க அவளுக்கு யாரு?”

வாசலில் பையோடு வந்து நின்ற பெண்ணின் முகம் வெளிறியது. பெரியவர் அவளையே பார்த்தார்.

“ஆட்டோ டிரைவர்மா,” என்று எழுந்தார்.

படியில் அவள் மெல்லக் கேட்டாள்: “தாத்தா, கோவமா?”

“செத்தவனுக்கு ஏதுடி கோவம்? ஆளைக் கொன்னாத்தான் சேர்த்துக்குவான்னா, அவன் என்னத்தச் சொல்லிக் கொடுத்துக் கிழிக்கப் போறான்?”

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் இறங்கிப் போனார்.