கப்பலுக்கு மேலே வானம்

பல்கலைக்கழகம், ரயில், கப்பல் என மூன்று படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, காங்கேயத்தில் இருக்கும் அம்மாவை அழைத்தேன்.

“மொதப் படம் நான் படிக்கிற யுனிவர்சிட்டிங்மா. நானூறு வருசத்துக் கட்டடம். மூணுமே நானே எடுத்த போட்டோங்மா.”

சொன்னதில் கடைசி வரி மட்டும் உண்மை.

“லண்டன்ல குளுரு சாஸ்தியா கண்ணு? ஸ்வெட்டர் போட்டிருக்கறயா?”

“போட்டிருக்கறனுங்மா.”

வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“அந்தக் கப்பலுக்கு மேல, வானத்துல ஒரு ஊசி ஓட்டை இருக்குது பாரு.”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது.

“எங்க பனியன் கம்பெனி செக்கிங்ல, ஓட்டைன்னு நான் தள்ளுன டி-சர்ட்டுல இருக்கற படம் அது. தள்ளுன பீசையெல்லாம் ஆன்லைன்ல கொறஞ்ச வெலைக்கு விக்க, போட்டோ எடுக்கறதுக்குத் திருப்பூர் மண்ணரைக்குத்தான் அனுப்பறாங்க.”

மேஜையில் அடுத்த டி-சர்ட் விரிந்து கிடந்தது. நான் கேமராவைக் கீழே வைத்தேன்.

“விசா கெடைக்கலீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல? அந்த ஸ்வெட்டரக் கழட்டிப் போட்டுட்டு, பஸ்ஸேறி ஊட்டுக்கு வா சாமி.”