இரண்டு உப்புக்கோடுகள்

பெத்தனி ஈரமானியின் ஊசிகளைச் சுவரில் அழுத்தினாள். முப்பத்தெட்டு. இருபதைத் தாண்டினாலே ஈரச்சுவர்.

ஒரு தடவை பார்த்தால் அவளுக்கு நம்பிக்கை வராது. இரண்டு அங்குலம் தள்ளி மறுபடி அழுத்தினாள். முப்பத்தொன்பது.

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான். ஈரத்துக்குக் காரணம் தேடிப் போகிற வீட்டிலெல்லாம், தான் எதையோ பார்க்காமல் விட்டுவிட்டோம் என்றே அவளுக்குத் தோன்றும். அதனால் ஒன்றுவிடாமல் வரிசையாகப் பார்ப்பாள். கூரையின் கண்ணாடி இணைப்புகளில் ஒழுக்கு இல்லை. கூரையோரத்து மழைநீர்க் குழாயில் அடைப்பு இல்லை. ஏணி வைத்து ஏறிக் கையை விட்டே பார்த்தாள். ஜன்னல் ஓரங்களும் காய்ந்திருந்தன.

"வந்ததுலேர்ந்து சுவத்துக்கு நாடி பிடிக்கிறியே கண்ணு. ஆள் பொழைக்குமா?" வீட்டுக்காரர் டெரெக் இன்னொரு கோப்பைத் தேநீரோடு வந்து நின்றார்.

"இது மூணாவது கப் ஐயா. இன்னும் ஒண்ணு குடிச்சேன்னா, ஈரத்துக்குக் காரணம் நான்தான்னு எழுத வேண்டி வரும்."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

வீட்டின் பின்புறம் ஒட்டிக் கட்டிய கண்ணாடி அறை அது. போன குளிர்காலம் முழுக்க அவர் மனைவி மாரீனின் கட்டில் இங்கேதான் கிடந்தது. கண் திறந்தால் தோட்டம் தெரிய வேண்டும் என்றாள். ஏற்கெனவே பலவீனமான நெஞ்சு. இருமி இருமி, பிப்ரவரியில் போய்விட்டாள்.

மகள் ஹேசல் அதற்குப் பிறகு இந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. அம்மா படுத்திருந்த சுவர் ஓரம் பூசணம் பிடித்திருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை. அம்மாவைக் கொண்டுபோனது இந்த ஈரம்தானா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். இன்று மதியம் பார்ன்ஸ்லியிலிருந்து வருகிறாள். அறிக்கையைத் தன் கண்ணால் படிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

சுவரடியில் உப்புப் பூத்துக் கோடுகளாகப் படிந்திருந்தது. பெத்தனி குனிந்து பார்த்தாள். ஈரம் ஏறிக் காய்ந்த கோடுகள். இரண்டு. இரண்டு குளிர்காலம்.

ஒன்று இந்த வருஷம். இன்னொன்று மாரீன் படுத்திருந்த வருஷம்.

அவள் வெளியே போனாள். ஜனவரிக் குளிர் காதை அறுத்தது. சுவரின் வெளிப்பக்கத்தைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. அறையின் தரைமட்டத்துக்குக் கீழே இரண்டு வரிசைச் செங்கலாவது வெளியே தெரிய வேண்டும். மண் அதற்கு மேல் ஏறினால் ஈரமும் கூடவே ஏறும். இங்கே ஒரு செங்கல்கூடத் தெரியவில்லை. ஜன்னல் விளிம்பு வரை மண்ணைக் கொட்டிப் பூப்பாத்தி கட்டியிருந்தார்கள்.

"எந்தப் புண்ணியவான் இங்க மண்ணைக் கொட்டினான்?" வாய் முந்திக்கொண்டது.

"அந்தப் புண்ணியவான் உன் பக்கத்துலதான் நிக்கிறான்" என்றார் டெரெக்.

அவள் முகம் சிவந்தது. "மன்னிச்சுக்குங்க ஐயா."

"பரவாயில்ல கண்ணு." கையிலிருந்த தேநீர்க் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஒரு உதவி பண்ணு. மண்ணுன்னு எழுதாத. கூரைக் குழாய் அடைச்சிருந்துச்சுன்னு எழுதிடு. கிழவன் சோம்பேறி, ரெண்டு வருஷமா சுத்தமே பண்ணலன்னு எழுது."

"குழாய் நல்லாத்தான் இருக்கு. பொய் எழுதினா என் வேலை போயிடும் ஐயா. அதோட, எப்படிப் பார்த்தாலும் உங்க தப்புதானே? இதை எழுதினா என்ன, அதை எழுதினா என்ன?"

அவர் குடிக்காத தேநீரைப் புல்லில் கொட்டிவிட்டு உள்ளே போனார்.

அறிக்கையோடு படம் வைக்க வேண்டும். செங்கல் தெரியட்டும் என்று பெத்தனி கொத்துக்கரண்டியால் மண்ணை விலக்கினாள். வெள்ளைப் பூக்களின் குருத்து அப்போதுதான் தலை நீட்டிக்கொண்டிருந்தது. அவற்றை ஒடிக்காமல் மெதுவாகத் தோண்டினாள்.

செடிக்குப் பெயர் எழுதிக் குத்துகிற பிளாஸ்டிக் பட்டை ஒன்று கரண்டியில் தட்டுப்பட்டது. எடுத்துக் கட்டைவிரலால் துடைத்தாள். பென்சில் எழுத்து அழியாமல் இருந்தது.

'அம்மா, இனிமே தலையைத் தூக்காமலே பூவைப் பார்க்கலாம். பத்து வண்டி மண்ணு. என் முதுகு போச்சு! - ஹேசல்.'

பெத்தனி அதை இரண்டு முறை படித்தாள்.

நிமிர்ந்தபோது டெரெக் சமையலறை வாசலில் நின்றிருந்தார். அவள் பட்டையை நீட்டினாள். அவர் வந்து வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவள் ஈரப் புல்லிலேயே மண்டியிட்டுப் படிவத்தை நிரப்பினாள். காரணம்: வெளிச்சுவரில் மண் மட்டம் அதிகம். தீர்வு: மண்ணை அகற்றுதல். அளவுகள், படங்கள் எல்லாம் உள்ளபடியே.

ஈரம் எப்போதிருந்து என்ற கட்டம் மட்டும் மிச்சமிருந்தது. அதை வேறு யாரும் சரிபார்க்கப்போவதில்லை.

மாரீன் இறந்து பதினோரு மாதம்.

பேனா சிறிது நேரம் நின்றது. பிறகு எழுதினாள்:

'அதிகம் போனால் ஆறு மாதம்.'