ஒரே ஒரு பொரி

“உள்ளே நின்னுக்கினு தின்னது யாருன்னு கேக்கறேன்.”

மேஜை மேல ஒரே ஒரு பொரி. சோதனைக்கு வந்த அதிகாரி சபாபதி, கிருமி வளர்க்கற அறைத் தரையில இருந்து அதை இடுக்கியால எடுத்து, கவர்ல போட்டு, என் மூக்குக்கு நேரா வெச்சிருந்தாரு.

எங்க லேப்ல இருக்கறது மாட்டைக் கொல்ற அடைப்பான் கிருமி. மனுஷனையும் விடாது. அங்கே ஒருத்தர் வாயில எதையாவது போட்டாங்கன்னா, அப்புறம் நாங்க மாலை வாங்கத்தான் போகணும்.

பாதுகாப்பு அதிகாரி நான். ‘உள்ளே தின்னக் கூடாது. உள்ளே போடும் கோட்டு வெளியே வரக் கூடாது’ன்னு போர்டு வெச்சு, கீழே என் பேரை அதைவிடப் பெரிய எழுத்துல போட்டுக்கிட்டவன்.

போன வாரம் ஆயுத பூஜையைக்கூட கதவுக்கு வெளியிலதான் வெச்சேன். கோட்டோட போட்டோ எடுத்து, ‘அறிவியலும் ஆன்மிகமும்’னு ஸ்டேட்டஸ் போட்டேன். ஊரே பாராட்டுச்சு, என் பொண்டாட்டியைத் தவிர.

“நான்தான் சார்” என்று லில்லி முன்னால வந்தா. டெக்னீஷியன். அடுத்த மாசம் வேலை நிரந்தரமாக வேண்டிய பொண்ணு.

“சாயந்தரத்துக்குள்ள நடவடிக்கை எழுதிக் கொடுங்க” என்று என்கிட்ட சொல்லிட்டு சபாபதி டீ குடிக்கப் போனாரு.

எனக்கு வந்துச்சே ஒரு ஆவேசம்.

“பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர் வீட்டுப் பொண்ணுதானேமா நீ? ஒரு இழை அறுந்தா சேலையே வீணுன்னு உனக்கு நான் சொல்லணுமா?”

தறியை நான் தொட்டதுகூட கிடையாது. இந்த வசனத்தை மட்டும் வாராவாரம் விடுவேன்.

“வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி எழுதப்போறேன்.”

“எழுதுங்க சார்.”

அப்பதான் உறைச்சுது. “ஆமா, பூஜை அன்னிக்கு நீ லீவாச்சே? உனக்கு ஏது பொரி?”

“விடுங்க சார். நான் போனா வேற டெக்னீஷியன் வருவாங்க. காவல் காக்கறவரே மாட்டினா லேபையே மூடிருவாங்க. வாலாஜாபாத் பக்கம் மாடுங்க செத்துக்கினு இருக்குது. ரிசல்ட்டு இன்னிக்கே போகணும்.”

“காவல் காக்கறவரா? யாரைம்மா சொல்ற?”

லில்லி போனை எடுத்து, அன்னிக்கே சேவ் பண்ணி வெச்சிருந்த என் ஸ்டேட்டஸ் போட்டோக்களைக் காட்டினா.

“மொத போட்டோவுல உங்க கை நெறைய பொரி இருக்குது. அடுத்ததுல ரெண்டு கையும் குவிச்சுக் கும்பிடறீங்க. நடுவுல அந்தப் பொரியை எங்க சார் போட்டீங்க?”

காலையில உள்ளே போனப்பவும் இதே கோட்டுதான். கை தானா பாக்கெட்டுக்குப் போச்சு. பொரியோட பொட்டுக்கடலையும் இருந்துச்சு.

எனக்கு அவ முகத்தைப் பாக்கவே வெக்கமா இருந்துச்சு.

“நீ போய் மொதல்ல அந்த ரிசல்ட்டை அனுப்பும்மா.”

அவ அனுப்பிட்டு வர்றதுக்கும், சபாபதி திரும்பறதுக்கும் சரியா இருந்துச்சு.

“தப்பு பண்ணவங்க பேரை எழுதியாச்சா?”

“ஆச்சு சார்” என்று நீட்டினேன்.

வழக்கம்போல, என் பேரை பெரிய எழுத்துலதான் போட்டிருந்தேன்.